டிரம்மதிகாரம்: பின்சக்கர ஒலிகள் குறித்த உரையாராய்ச்சி

எடிசன்வாழ் தமிழர் 1965 மாடல் ஃபோர்டு மஸ்டாங் வாங்குவார். பிரேக்கை மிதித்தால் பின்சக்கரம் கீச்சிடும். என்னை? எனின், முதலில் மூலபாடம் காண்க. வண்டி எண்ணில் இரண்டாம் எழுத்து 'டி' எனில் அது எடிசனில் இருந்த மெட்டச்சன் ஆலைப் பிரதி. 'ஆர்' எனில், இன்று கிரேட் மால் என்னும் அங்காடியாகிவிட்ட மில்பிடாஸ் ஆலைப் பிரதி. டியர்பார்ன் பிரதியும் உண்டு. அங்கே எனக்கு உறவினர் இல்லாமையால் விடப்பட்டது. டெக்சஸில் மஸ்டாங் ஆலையே இருந்ததில்லை. ஆகவே டெக்சஸ் தமிழர் கருத்து நடுநிலையானது, நீளமானது. எல்லாப் பிரதியிலும் பின்னால் டிரம் பிரேக்தான் என்பது வாதத்துக்கு ஒருபோதும் இடையூறாக இருந்ததில்லை.

கரகர ஒலி: லைனிங் தீர்ந்தது. உரை வேண்டா, வண்டியை நிறுத்துக.

ஈரம்: வீல் சிலிண்டரின் ரப்பர் மூடிக்குள் நனைந்திருந்தால் பிரேக் ஆயில்; கந்தகம் நாறினால் ஆக்சில் சீல் கசிவு. மூக்கும் பிரமாணமே.

துகள்: ஊதற்க. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும்.

இனிக் குட்டை ஷூ, நெட்டை ஷூ விவாதம். சக்கரத்துக்கு இரண்டு ஷூ. ஒன்றின் லைனிங் குட்டை. முன்னே நிற்பது மூத்தது, ஆகவே நெட்டையே முன் என்பார் ஒரு சாரார் (பக்கத்து வீட்டு மாமா உரை, வேலிக்கு மேலாக, வாய்மொழிப் படி). அற்றன்று. வண்டி முன்னோக்கி ஓடுகையில் முன் ஷூ டிரம்மோடு சுழல முயன்று, அடியிலுள்ள அட்ஜஸ்டர் வழியே பின் ஷூவை நெட்டித் தள்ளும். உழைப்பில் பெரும்பங்கு பின்னதற்கே. நெட்டை லைனிங்கும் அதற்கே. நச்சினார்க்கினியர் வழியில் முன்னதைப் பின்னும் பின்னதை முன்னும் கொண்டுகூட்டலாமே என்பார் பொட்லக் உரைகாரர் (தயிர்சாத வரிசையில் நின்றபடி அருளியது, இரண்டாம் திருத்தம், ஊறுகாய்க் கறை படிந்த படி, சிறப்புப்பாயிரம் அவர்தம் மைத்துனர்). கொண்டுகூட்டினால் பாட்டு தாங்கும், பிரேக் தாங்காது.

அட்ஜஸ்டரோ தானியங்கி. வண்டியைப் பின்னால் செலுத்தி மிதித்தால்தான் தன்னைத் திருத்திக்கொள்ளும். நம் ஆய்வாளரிலும் பின்னால் போகிறவர் பலர், திருத்திக்கொள்பவரைத்தான் காணோம். இடவலம் மாற்றி மாட்டினால் அது இறுக்குவதற்குப் பதில் தளர்த்தும்.

டிரம் கழலவில்லையா? ஹேண்ட்பிரேக் போட்டிருக்கிறது, நூற்பா முடிந்தது.

மேற்கண்ட உரைகாரருள் டிரம்மைக் கழற்றிப் பார்த்தவர் எவருமிலர். கழற்றுவோர் ஒரு பக்கம் பூட்டி முடித்த பின்னரே மறுபக்கம் தொடுக. எந்த ஸ்பிரிங் எங்கே என்பதற்கு மறுபக்கமே ஏடு. அதையும் முன்னொருவர் தவறாக மாட்டியிருந்தால் பாடபேதம் எனப்படும்.