ஒரு குச்சியை மரம் என்று நம்புவது எப்படி?

டோக்கியோவில் வேலை. நிஷி கசாயில் ஐந்தாவது மாடி வீடு. பால்கனியில் துணி காயப்போட்டது போக இரண்டடி இடம் மிச்சம். இவ்வளவு இருந்தால் ஜப்பானிய மேப்பிளைக் குச்சியிலிருந்து வளர்த்துப் பொன்சாய் ஆக்கும் தகுதி உங்களுக்கு வந்துவிட்டது. பொறுமை வேண்டும் என்று புத்தகங்களில் எழுதியிருக்கும். பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பொறுமைசாலிகள் எல்லாம் வேறு உருப்படியான காரியம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உங்களுக்கு முக்கியமாக வேண்டியது விசா.

நட்ட குச்சியைப் பார்த்து அடுத்தவர் தானாக "மரம்" என்று சொல்வதற்குப் பத்துப் பதினைந்து வருஷம் ஆகும். என்ஜினியர் விசா ஒரு தடவைக்கு அதிகபட்சம் 5 வருஷம்தான் கொடுப்பார்கள். நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்பதற்குப் பொதுவாக 10 வருஷம் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். ஆகவே இரண்டையும் ஒரே ஜூன் மாதத்தில் தொடங்கிவிடுவது உத்தமம். வேர் பிடித்ததா இல்லையா என்று இரண்டிலுமே நடுவில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

"ஒண்ணைக் காசு குடுத்து வாங்கிட்டா என்ன?" என்று வீட்டில் கேட்பார்கள். கேட்டவரைக் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒமியா போய் வாருங்கள். டோக்கியோவுக்கு வடக்கே, சைத்தாமாவில் இருக்கிறது. 1923 பெருநிலநடுக்கத்தில் டோக்கியோ எரிந்த பிறகு, நல்ல மண்ணும் நீரும் தேடிப் போன பொன்சாய்க்காரர்கள் 1925-இல் உண்டாக்கிய குடியிருப்பு அது. அந்தக் காலத்தில் குடியேறுபவர்களுக்கு நாலு நிபந்தனை வைத்திருந்தார்கள்: பத்துப் பொன்சாயாவது வைத்திருக்க வேண்டும், வாசல் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும், மாடி கட்டக் கூடாது, வேலி உயிர்வேலியாக இருக்க வேண்டும். ஐந்தாவது மாடியில் கதவைப் பூட்டிக்கொண்டு வாழும் நீங்கள் நாலிலும் தேறமாட்டீர்கள் என்பது இருக்கட்டும். அங்கே ஒரு மேப்பிளின் விலைச்சீட்டில் பூஜ்யங்களை எண்ணி முடித்ததும், குச்சி நடுவதற்கு வீட்டில் இருந்த ஆட்சேபணை அடங்கிவிடும். ஒமியா போவதே அதற்காகத்தான்.

விதை போடலாமே என்பார் இன்னொருவர். மேப்பிள் விதை ஒரு குளிர்காலத்தை ஈரத்தில் கழித்தால்தான் முளைக்கும். முளைத்ததும் அம்மாவைக் கொண்டிருக்கும் என்று உத்தரவாதம் கிடையாது. ஒட்டுக்கன்று நர்சரிக்காரர்களுக்குச் சௌகரியம். ஆனால் ஒட்டுப் போட்ட இடம் வயதாக ஆகப் புடைத்துக்கொண்டு வரும். பொன்சாயில் விஷயம் தெரிந்தவர் முதலில் குனிந்து பார்ப்பது அடிமரத்தையும், அங்கிருந்து நாலா பக்கமும் பரவும் வேரையும்தான். அங்கே ஒரு தழும்பு இருந்தால் அவர் எதுவும் சொல்ல மாட்டார். ஜப்பானில் எதுவும் சொல்லாமல் நகர்வது எவ்வளவு பெரிய விமர்சனம் என்று இதற்குள் ஆபீஸில் கற்றிருப்பீர்கள்.

விண்பதியன் என்றும் ஒரு வழி உண்டு. மரத்திலேயே ஒரு தடித்த கிளையில் வளையமாகப் பட்டையைச் சீவி, ஈரப்பாசி வைத்துக் கட்டினால், ஒரே கோடையில் வேர்விட்டுத் தயார் மரமாகக் கைக்கு வந்துவிடும். பல வருஷம் மிச்சம். இதை மேற்கொண்டு விளக்கினால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லாமல் போகும் என்பதால் அடுத்த விஷயத்துக்குப் போகிறேன்.

குச்சிக்கு எங்கே போவது? பூங்கா மரத்தில் கை வைக்காதீர்கள், குற்றம். ஒமியாவிலும் வேண்டாம். அங்கே பல தோட்டங்களில் போட்டோ எடுக்கவே அனுமதி இல்லை, கத்தரிக்கோலோடு வருகிறவரை என்ன செய்வார்களோ. வீட்டு வாசலில் மேப்பிள் வைத்திருக்கும் ஒரு ஜப்பானியப் பெரியவரோடு பழக்கம் பிடித்துக்கொள்வதுதான் முறை. ஜூனில் அவர் எப்படியும் கத்தரித்துக் குப்பைப் பையில் போடுவார். அந்தப் பையை ஏக்கத்தோடு ஒரு தடவை பார்த்தால் போதும், வாய்விட்டுக் கேட்க வேண்டி வராது. மறுநாள் ஈரத்தாளில் சுற்றிய ஒரு கட்டுக் குச்சியும், பதிலுக்கு என்ன கொடுப்பது என்ற கவலையும் சேர்ந்தே வீடு தேடி வரும். (மைசூர்பாகு கொடுக்கலாம். முறுக்கு வேண்டாம், அந்த வயதில் பல் விவகாரம்.)

எந்த ரகம் என்பதில் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். கார்ல் பீட்டர் துன்பெர்க் என்ற ஸ்வீடன்காரர் 1784-இல் இந்த மரத்துக்கு ஏசர் பால்மேட்டம் என்று ஒரே ஒரு பெயர் வைத்தார். தோட்டக்காரர்கள் அந்த ஒரே பெயருக்குள் நூற்றுக்கணக்கான ரகங்களைப் பிரித்துப் பெயர் வைத்துவிட்டார்கள். இலை நூல்நூலாகக் கிழிந்து தொங்கும் சிவப்பு ரகங்களைப் பார்த்தால் ஆசை வரும். குச்சியில் வேர்விடுவதில் அவை மகா கஞ்சம். தேஷோஜோ, வசந்தத்தில் ரத்தச் சிவப்பாகத் தளிர்க்கும், கோடையில் பச்சைக்கு மாறிவிடும். ஏப்ரலில் ஃபேஸ்புக்கில் படம் போட்டுவிட்டால், ஜூலையில் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். கியோஹிமே குள்ள ரகம், சுலபமாக வேர்விடும். உயரத்தை விட்டுவிட்டு அகலத்தில் வளரும். எல்லாவற்றையும்விட, யாரும் திரும்பிப் பார்க்காத சாதாரணப் பச்சை மேப்பிள்தான் தங்கமான பிள்ளை.

இனி வேலை. நாள்: ஜூன் முதல் பாதி, டோக்கியோவில் மழைக்காலம் தொடங்கும் சமயம். காற்றில் ஈரம் இருப்பதால் இலை வாடாது. இங்கேதான் நம் ஊர்க் கை குறுக்கே வரும். முருங்கைப் போத்தை ஒடித்துக் கிணற்றடியில் செருகிவிட்டு, மறந்தும்போய், பிறகு சாம்பாருக்குக் காய் பறித்த பரம்பரை நாம். அந்த நினைப்பில் கட்டைவிரல் மொத்தத்தில் முற்றிய கிளையாகப் பார்த்து நட்டால் மேப்பிள் பிழைக்காது. வேண்டியது இந்த வசந்தத்தில் விட்ட இளங்கிளை, நாலைந்து அங்குலம். அடி லேசாக முற்றத் தொடங்கியிருக்க வேண்டும். வளைத்துப் பாருங்கள்: துவண்டு தொங்கினால் இளசு, வளையாமல் விறைத்து நின்றால் முற்றல், வளைந்து கொடுத்துவிட்டு விட்டதும் நிமிர்ந்தால் அதுதான்.

வெட்டியதும் தண்ணீரில் ஒரு மணி நேரம் போட்டு வையுங்கள். பிறகு புது பிளேடால் ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக ஒரே சீவு. கத்தரிக்கோல் கூடாது, நசுக்கிவிடும். அடி இலைகளைக் கிள்ளிவிட்டு உச்சியில் ஒரு ஜோடியை மட்டும் விடுங்கள். அந்த ஜோடியையும் பாதியாக வெட்டுங்கள். வேரே இல்லாத குச்சி அவ்வளவு இலைக்கும் எங்கிருந்து தண்ணீர் அனுப்பும்? "அழகா இருக்கிற இலையைப் போய் ஏன் வெட்டறீங்க?" என்று பின்னாலிருந்து குரல் வரும். கையில் பிளேடு இருக்கும்போது விவாதம் வேண்டாம்.

மண்ணுக்குப் பெயர் கனுமா. தோச்சிகி மாநிலத்தில் அதே பெயருள்ள ஊரில் தோண்டுகிறார்கள். அகாகி எரிமலை எப்போதோ கக்கிய நுரைக்கல். ஹோம் சென்டரில் மூட்டையாக விற்கும். சிறு பருக்கையாக வாங்கிச் சலித்துத் தூளை நீக்க வேண்டும். பால்கனியில் சலித்தால் கீழ்வீட்டில் காயும் போர்வை மஞ்சளாகும், குளியலறையில் சலித்தால் உங்கள் வீட்டில் சண்டை மூளும். எது மேல் என்பது அவரவர் குடும்ப முடிவு. கனுமாவின் பெருங்குணம், ஈரமாக இருக்கையில் நல்ல மஞ்சளாக இருந்து, காயக் காய வெளுப்பது. தண்ணீர் வேண்டுமா என்று மண்ணே சொல்லிவிடும். உரம் எதுவும் கலக்காதீர்கள்.

வெட்டுவாயை வேர் ஹார்மோன் பொடியில் தொட்டுத் தட்டி உதிருங்கள். மென்மையான செடிகளுக்கு விற்கும் லேசான பொடிக்கு மேப்பிள் மசியாது, வீரியம் கூடியதாகக் கேட்டு வாங்குங்கள். முதலில் சாப்ஸ்டிக்கால் குழி போட்டு அதற்குள் குச்சியை இறக்க வேண்டும். நேராகக் குத்தினால் பொடியெல்லாம் உரசி மேல்மண்ணிலேயே நின்றுவிடும். தண்ணீர் விட்டு, தொட்டியோடு ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் மூடி, வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். ஆயிற்று. இவ்வளவும் ஒரு சாயங்கால வேலை. மிச்சமிருக்கும் பதினைந்து வருஷத்தில் நீங்கள் செய்ய வேண்டியதில் முக்கால்வாசி, எதையும் செய்யாமல் இருப்பதுதான்.

ஆட்கள் தோற்பது இங்கேதான். மூன்றாவது வாரம் விரல் அரிக்க ஆரம்பிக்கும். லேசாக இழுத்துப் பார்த்தால் என்ன, வேர் வந்திருந்தால் பிடித்துக்கொள்ளுமே என்று தோன்றும். வேர் வந்திருந்தால், நீங்கள் இழுத்ததில் அது அறுந்திருக்கும். ஆறு, எட்டு வாரம் வரை அந்தப் பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள். செய்தி தெரிந்தே ஆக வேண்டும் என்றால் இலைக்காம்பைப் பாருங்கள். இலை காய்ந்து சுருண்டு, தொட்டாலும் விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் குச்சி போய்விட்டது. தொட்டதும் காம்போடு கழன்று விழுந்தால் துக்கப்பட வேண்டாம்; உயிருள்ள குச்சிதான் தன் இலையைத் தானே கழற்றிவிடும்.

பால்கனி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. உங்கள் பால்கனிக்கும் பக்கத்து வீட்டுப் பால்கனிக்கும் நடுவே ஒரு மெல்லிய தட்டி இருக்கும், ஆபத்துக் காலத்தில் உடைத்துக்கொண்டு போகவும் என்று அதில் எழுதியிருக்கும். அதன் முன்னால் தொட்டி அடுக்கக் கூடாது. காற்றும் வெயிலும் படாத ஒரே மூலை அதுதான் என்பது வேறு விஷயம். அடுத்த மூலையில் ஏசியின் அவுட்டோர் யூனிட் நின்று ஜூலை முழுக்க அனல் காற்றை ஊதும். மேப்பிள் இலை அதில் ஒரே மத்தியானத்தில் ஓரம் கருகிவிடும். ஆக, கிடைத்த இரண்டடியில் உபயோகமானது ஒரு அடி.

அடுத்தது ஆகஸ்ட். எல்லாரும் ஊருக்கு டிக்கெட் போடும் மாதம். வேர்விட்ட குச்சிக்கு நாளுக்கு இரண்டு வேளை தண்ணீர் தேவைப்படுவதும் அதே மாதம்தான். நண்பரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நினைப்பீர்கள். பொன்சாய்த் தோட்டங்களில் சீடனாகச் சேருபவருக்குத் தண்ணீர் ஊற்றப் பழகவே மூன்று வருஷம் என்பார்கள். உங்கள் நண்பருக்கு நீங்கள் வாட்ஸாப்பில் மூன்று வரி அனுப்பியிருப்பீர்கள். முடிந்தால் மனைவி குழந்தைகளை ஊருக்கு அனுப்பிவிட்டு நீங்கள் இருந்துவிடுங்கள். காரணத்தை மட்டும் ஆபீஸ் வேலை என்று சொல்லுங்கள்.

நவம்பரில் இரண்டே இலை, இரண்டும் சிவக்கும். படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பிக்கொள்ளுங்கள், நியாயம்தான். ஆனால் வேர்விட்ட மேப்பிள் குச்சிகள் அதிகமாகச் சாவது அதற்குப் பிறகு வரும் முதல் குளிர்காலத்தில். வேர்விடுவதிலேயே சேமிப்பைச் செலவழித்துவிட்டு, வசந்தத்தில் மொட்டு திறக்கச் சத்தில்லாமல் நின்றுவிடும். அதனால் இலையுதிர்காலத்தில் தொட்டி மாற்றாதீர்கள், வேர் கலைந்தால் தீர்ந்தது. உறைபனியும் வறண்ட காற்றும் தாக்காத இடமாக வேண்டும், குளிரும் வேண்டும். பாவம் என்று ஹீட்டர் அறைக்குள் கொண்டுவந்தால் தூக்கம் கெட்டுச் செத்துவிடும். குளிரில் தூங்கினால்தான் மறுபடி முளைக்கும் ஜாதி.

இந்த மாதங்களில் வீடியோ காலில் அம்மா பார்த்துவிட்டு, "ஏண்டா, காஞ்ச குச்சிக்கெல்லாம் தண்ணி ஊத்தறே?" என்பார். கவலை வேண்டாம். 1934-லிருந்து உயெனோவில் நடக்கும் கொகுஃபு கண்காட்சிதான் பொன்சாய் உலகத்துக்குப் பெரிய மேடை, அது வழக்கமாகப் பிப்ரவரியில். அங்கே மேப்பிள்கள் ஒரு இலைகூட இல்லாமல்தான் நிற்கும். நுனிக்கிளைகளின் நெளிவு தெரிய வேண்டும் என்று அப்படியே வைப்பார்கள். அம்மாவிடம் இதை விளக்கலாம். "அதையும் காஞ்சு போக விட்டுட்டாங்களா?" என்பார்.

குளிர்காலத்தில் விருந்தாளி வந்தால் ஹீட்டரைக் கூட்டி வையுங்கள். ஹாச்சினோகி என்ற ஜப்பானிய நோ நாடகத்தில், பனி கொட்டும் ராத்திரியில் வந்த வழிப்போக்கனுக்குக் குளிர்காய, ஏழைச் சாமுராய் ஒருவன் தான் வளர்த்த பிளம், செர்ரி, பைன் தொட்டிமரங்களை வெட்டி எரிக்கிறான். வந்தவன் மாறுவேடத்தில் இருந்த பெரிய இடத்து ஆள், பதிலுக்கு மூன்று ஊர் கிடைக்கிறது. உங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை. தவிர, உங்கள் குச்சியை எரித்தால் ஒரு டம்ளர் காப்பிகூடச் சுடாது.

ஏப்ரலில் மொட்டு விரிந்துவிட்டால் மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அடிமரம் பெருக்க வேண்டும் என்றால் சின்னத் தட்டில் வைக்கக் கூடாது, தரையில் இறக்கிச் சில வருஷம் இஷ்டத்துக்கு வளரவிட வேண்டும். உங்களிடம் தரை இல்லை. ஆகவே பெரிய தொட்டி, கீழ்க்கிளை ஒன்றை ஓட விட்டுப் பெருக்கிவிட்டுப் பிறகு வெட்டுவது, வசந்தத்தில் தளிர் நுனியைச் சாமணத்தால் கிள்ளுவது, கம்பி கட்டி வளைப்பது. மேப்பிளுக்குப் பட்டை மென்மை. கட்டிய கம்பியைப் புராஜெக்ட் டெட்லைனில் மறந்தால் சில வாரத்தில் சதைக்குள் பதிந்துவிடும், அந்த வடு வருஷக்கணக்கில் மறையாது.

பத்தாவது வருஷத்தில் நிரந்தர வசிப்புரிமையை நிராகரித்துவிட்டார்கள், ஊருக்குத் திரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மண்ணோடு செடியை விமானத்தில் இந்தியாவுக்குள் கொண்டுவர விடமாட்டார்கள். கொண்டுவந்தாலும், மார்கழி ராத்திரியில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்க யோசிக்கும் சென்னையில் அது எப்போது தூங்கும்? எனவே நிஷி கசாயிலேயே புதிதாக வந்து சேர்ந்த ஒரு பையனிடம் கொடுத்துவிடுங்கள்.

"எத்தனை வருஷ மரம் சார்?" என்று அவன் கேட்பான். பத்து என்று உண்மையைச் சொன்னால் மதிக்க மாட்டான். குச்சியில் வளர்ந்தது தாய் மரத்தின் அச்சு, தாவரவியல்படி அதே மரத்தின் ஒரு துண்டுதான். பெரியவர் வாசலில் இருந்த மரம் அவர் தாத்தா நட்டது என்று கேட்டு வைத்திருப்பீர்கள் அல்லவா? "தொண்ணூறு இருக்கும்" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் ஊற்றும் நேரத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.