ஆர்கான் வீடு தேடி வந்த காலம்

எழுபதுகளின் கடைசியிலோ எண்பதுகளிலோ திருவெறும்பூர், துவாக்குடிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் தெருக்களில் டாக்டருக்கும் வாத்தியாருக்கும் அடுத்தபடியான மரியாதை ஹெச்.பி. வெல்டருக்குத்தான். செக்கோஸ்லோவாக்கியாவின் ஒத்துழைப்போடு 1960களில் எழுந்த திருச்சி பெல் கொதிகலன் ஆலையில், உயர் அழுத்த நீராவி ஓடப்போகும் குழாய்களை முட்டக்கொடுத்துப் பற்றவைக்கிறவர் அவர். 1950ஆம் ஆண்டுக் கொதிகலன் விதிகளின்படி சோதனைத் துண்டு பற்றவைத்துத் தேறினவர். அவர் போட்ட மூட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, குறை தெரிந்தால் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி போடச் சொல்வார்கள். "எங்க வீட்டுக்காரருக்கு இந்த மாசம் ஒரு ரிப்பேர்கூட வரலை" என்று தெருக்குழாயடியில் பெண்கள் பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். 1975இல் அதே பெல்லின் நிழலில் வெல்டிங்குக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையமும் வந்தது. ஒரு ஊருக்கே பற்றவைப்பு குலத்தொழிலானதை நாங்கள் கண்ணால் பார்த்தோம்.

ஆனால் அந்தக் குழாயின் முதல் சுற்றைப் போடும் ஆர்கான் வெல்டிங், ஆலையின் மதிலுக்கு அந்தப் பக்கம் நடந்த காரியம். தெருவில் எங்களுக்குக் காணக் கிடைத்தது ராடு வெல்டிங். மெயின் ரோட்டுப் பட்டறையில் எண்ணெய் நிரப்பிய டிரான்ஸ்பார்மர் ஒன்று, இரும்புச் சக்கரங்களின் மேல், சந்தையில் கட்டிப்போட்ட எருமைபோல முனகிக்கொண்டு நிற்கும். அதை வாசலுக்கு இழுத்துவர ஆள்படை வேண்டும், ஓட்டுவதற்கு இரண்டு பேஸ் கரண்ட் வேண்டும், மேஸ்திரி ராடை இரும்பில் உரசிய கணத்தில் எதிர் டீக்கடை பல்பு மங்கி மீளும். "பாக்காதடா தம்பி, கண்ணு போயிரும்" என்று அவர் கத்துவார். பார்க்காமல் யாரால் இருக்க முடியும்? பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன்கள் விரலிடுக்கு வழியாகப் பார்த்துவிட்டு, ராத்திரி கண்ணில் மணல் கொட்டினாற்போலத் தூங்காமல் புரண்டு, அம்மா வெட்டிவைத்த வெள்ளரித் துண்டை இமைமேல் வைத்துப் படுத்திருந்தது உங்களுக்கும் நினைவிருக்கும்.

என்னை ஒருநாள் அவரே கூப்பிட்டு, கைப்பிடி போட்ட அந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கையில் கொடுத்தார். கண்ணாடிக்குள் முதலில் முழு இருட்டு. உலகமே இல்லை. பிறகு பச்சையாக ஒரு சூரியன், அதன் கீழே உருகிய இரும்பு ஒரு குட்டிக் குளமாகத் தளும்பி, மேஸ்திரியின் கையசைவுக்கு நகர்ந்துகொண்டே போனது. அந்தக் குளத்தைப் பார்த்த பையன்தான் இத்தனை காலமும் எனக்குள் இருந்துகொண்டு, ஓய்வு நேரத்துக்கு ஒரு ஆர்கான் மிஷின் வேண்டும் என்று என்னை அரித்துக்கொண்டிருந்தவன். பிழைப்புக்கு வேறு வழியில் போனவன் நான். ஆனாலும் அந்தக் குளத்தை என் கையால் ஒருமுறையாவது நகர்த்திப் பார்க்க வேண்டும் என்ற ஆசை மட்டும் வற்றவே இல்லை.

ஆர்கான் வெல்டிங் பிறந்ததே சாமானியருக்காக அல்ல. 1941இல் அமெரிக்காவின் நார்த்ராப் விமான நிறுவனத்தில், மெக்னீசியத்தில் விமான உடல் செய்ய முனைந்தபோது, ரஸ்ஸல் மெரிடித் என்ற பொறியாளர் இதை உருப்படியாக்கினார். 3,400 டிகிரியைத் தாண்டினால்தான் உருகும் டங்ஸ்டன் கம்பியின் முனையில் மின்பொறி. சுற்றிலும் காற்று அண்டாதபடி மந்த வாயு. அவர் பயன்படுத்தியது ஹீலியம். பின்னாளில், நாம் மூச்சுவிடும் காற்றில் நூற்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவாகக் கலந்திருக்கும் ஆர்கான் அந்த இடத்துக்கு வந்தது. போர் விமானத்திலிருந்து அணு உலைக்கும் கொதிகலனுக்கும் போய், தொண்ணூறுகளில் துவாக்குடிச் சிறுபட்டறைகளுக்கு வந்து, கடைசியில் இப்போது கூரியர்காரர் தோளில் ஏறி, "சார், கையெழுத்து" என்று என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. ஒரே ஆளாகத் தூக்கிப் பலகைமேல் வைத்தேன். எருமைக்கு ஆன கதி அதுதான்: அந்தப் பழைய டிரான்ஸ்பார்மர் விநாடிக்கு 50 சுற்று மின்சாரத்தை அப்படியே மாற்றியது, அதனால் அத்தனை இரும்பும் செம்பும் தேவைப்பட்டன, இன்வர்ட்டர் மிஷினோ மின்சாரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டிக் கொடுப்பதால் உள்ளேயிருக்கும் டிரான்ஸ்பார்மர் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிவிட்டது.

மலிவு என்றால் நம்ப முடியாத மலிவுதான். அதனாலேயே எதை வாங்குவது என்பது பெரிய குழப்பமாகிவிட்டது. அந்தக் காலத்தில் மேஸ்திரிக்கு அந்தக் கேள்வியே கிடையாது. கிடைத்த மிஷின் அவருடைய ஆயுசுக்கும் மிஷின். இன்றைக்கு ஆசைக்கு வாங்க நினைக்கிறவர் முதலில் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டியது, அலுமினியம் பற்றவைக்கப் போகிறேனா என்பதை. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன் மேல் படிந்த ஆக்சைடு உருக 2,000 டிகிரிக்கும் மேல் வேண்டும். அந்தத் தோலை உரித்துக்கொண்டே போக ஏ.சி. மின்சாரம் வேண்டும். ஏ.சி.யும் டி.சி.யும் சேர்ந்த மிஷின், டி.சி. மட்டுமுள்ள மிஷினைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை, சில சமயம் அதற்கும் மேலே. பழைய புல்லட்டின் எஞ்சின் கூட்டை நானே ஒட்டுவேன் என்று எல்லோருக்கும் ஒரு கனவு இருக்கிறது, நல்ல கனவுதான். ஆனால் வீட்டில் உண்மையாக நம் கைக்கு வரும் வேலை சைக்கிள் கேரியர், பூந்தொட்டி ஸ்டாண்டு, எவர்சில்வர் பைப், சைலன்சர். இவை எல்லாவற்றுக்கும் டி.சி. போதும். வருஷத்துக்கு ஒருமுறை வரும் அலுமினியத் துண்டைத் துவாக்குடிக்கு எடுத்துப் போய்விடலாம். நான் டி.சி. பக்கம், சந்தேகமே இல்லாமல்.

அடுத்தது, பொறி எப்படிப் பிறக்கிறது என்பது. ரொம்ப மலிவான மிஷினில் டங்ஸ்டனை இரும்பில் உரசித்தான் பற்றவைக்க வேண்டும்; உரசும்போதே முனை அழுக்காகும், அந்த அழுக்கு மூட்டில் போய் உட்காரும். தொட்டு எடுத்தால் பற்றிக்கொள்ளும் வகை அதைவிடத் தேவலை. இரும்பைத் தொடாமலே தாவிப் பிடிக்கும் ஹெச்.எஃப். வகைதான் கை பழகுகிறவருக்கு வரம். துவாக்குடியில் முதன்முதலாக அந்த வகை வந்த பட்டறையின் பக்கத்து டீக்கடையில், டார்ச்சின் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் திருச்சி வானொலிப் பாட்டு கரகரத்து உடைந்துபோகும். கிளாசைக் கையில் பிடித்தபடி எல்லோரும் பட்டறையைத் திரும்பிப் பார்த்து முறைப்பார்கள். பாட்டின் எந்த அடியில் கரகரத்ததோ அந்த அடி இன்றும் எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். இப்போது டீக்கடையில் ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு பாட்டு. என் மிஷின் யாருடைய பாட்டையும் கெடுப்பதில்லை, யாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பதுமில்லை.

பெட்டிமேல் 200 ஆம்பியர் என்று போட்டிருக்கும். வீட்டு 16 ஆம்பியர் பிளக்கில் அந்த முழு 200 வராது. வரவழைக்கப் பார்த்தால் வயர்தான் சூடேறும். வர வேண்டிய தேவையும் இல்லை. சாதா இரும்பில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சுமார் 40 ஆம்பியர் என்பது பட்டறைக் கணக்கு. வீட்டில் நாம் தொடுவது ஒன்றரை, இரண்டு மில்லி தகடு. 80 ஆம்பியருக்குள் காரியம் முடிந்துபோகும். அதனால் மேலே எத்தனை ஆம்பியர் போகிறது என்பதைவிட, கீழே 10 ஆம்பியரில் நடுங்காமல் நிற்கிறதா என்று கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். டியூட்டி சைக்கிள் 60 சதவீதம் என்றால் பத்து நிமிஷத்தில் ஆறு நிமிஷம் ஓட்டி, நாலு நிமிஷம் ஆறவிட வேண்டும் என்று பொருள். அந்தக் கணக்கு எத்தனை டிகிரி வெயிலுக்கு என்றும் பார்க்க வேண்டும். ஒழுங்கான கம்பெனி 40 டிகிரிக்குச் சொல்லும். சிலர் 25 டிகிரி அறைக்குச் சொல்லிவிடுகிறார்கள். எங்கள் ஊர்ச் சித்திரையில் 25 டிகிரியை எங்கே போய்த் தேடுவது! அதோடு, ஆர்கான் வெல்டிங் செய்யும்போது ஃபேன் போடக்கூடாது, காற்று வாயுவை அடித்துக்கொண்டு போய்விடும். மேஸ்திரி வேப்பமரத்தடியில் காற்றாட நின்று ராடு ஓட்டினார். நான் ஃபேனை நிறுத்திவிட்டு, காட்டன் முழுக்கைச் சட்டையில் வேர்த்து வழிகிறேன். முன்னேற்றம் எங்களை மரத்தடியிலிருந்து இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

மிஷின் விலையை மட்டும் பார்த்துக் கிளம்புகிறவர்களை மடக்குவது சிலிண்டர்தான். பெரிய சிலிண்டரில் சுமார் 7 கன மீட்டர் ஆர்கான். நிமிஷத்துக்கு 8 லிட்டர் விட்டால் பதினாலு மணி நேரத்துக்கு மேல் வரும். வீட்டுக்கு அது யானை. 10 லிட்டர் கொள்ளளவுள்ள சின்ன சிலிண்டரில், 150 பார் அழுத்தத்தில், ஏறக்குறைய 1,500 லிட்டர்; மூன்று மணி நேரத்துக்கு வரும், ஆசைக்கு அதுவே தாராளம். அதை யார் நிரப்பித் தருவார்கள், டெபாசிட் எவ்வளவு, சிலிண்டர் சொந்தமா வாடகையா என்பதையெல்லாம் மிஷினுக்கு முன்னால் விசாரித்துவிட வேண்டும். கண்ணாடிக்குழாயில் குண்டு மிதக்கும் ரெகுலேட்டராக வாங்கினால் எவ்வளவு போகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். வேலை முடிந்தால் வால்வை இறுக மூடுவதும், கதவைச் சாத்திய சின்ன அறைக்குள் ஆர்கானை விடாமலிருப்பதும் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

மற்றதெல்லாம் சில்லறை, ஆனால் சில்லறையில்தான் சுகம். கால் பெடல் போட வசதியுள்ள மிஷினாகப் பாருங்கள். சூட்டைக் காலால் கூட்டிக் குறைப்பது தையல் மிஷின் மிதித்த குடும்பங்களுக்குச் சீக்கிரம் வரும். 200 ஆம்பியர் மிஷினோடு வரும் 17ஆம் நம்பர் டார்ச்சு 150 ஆம்பியர்தான் தாங்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சிவப்பு முனை டங்ஸ்டனில் தோரியம் இருக்கிறது, தீட்டும் தூசி நுரையீரலுக்கு ஆகாது. சாம்பல் அல்லது தங்க நிற முனை வாங்கினால் அந்தக் கவலையில்லை. தானாக இருளும் ஹெல்மெட் வாங்குகிறவர், குறைந்த ஆம்பியர் பொறியையும் அது உணருமா என்று பார்த்து வாங்க வேண்டும். ஜி.ஐ. பைப்பை மேலே பூசிய நாகத்தைத் தேய்த்து எடுக்காமல் பற்றவைக்கவே கூடாது. அந்தப் புகைக்குக் குளிர்காய்ச்சல் வந்த பட்டறைப் பையன்களுக்குப் பால் வாங்கிக் கொடுத்துப் படுக்கவைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஆர்கான் மூட்டு சுத்தமான மூட்டு. சத்தமில்லை, தெறிப்பில்லை, அடுக்கிவைத்த சில்லறைபோல் வரிவரியாக மின்னும். எதைக் காணோம் என்று கேட்டால், சிலாக்கைச் சொல்வேன். ராடு ஓட்டி முடித்து மேஸ்திரி கண்ணாடியை இறக்கியதும், மூட்டின் மேல் கறுப்பாகப் படிந்த சிலாக்கு ஆறஆற, கை நன்றாக விழுந்திருந்தால் யாரும் தட்டாமலே டிக்கென்று தெறித்துச் சுருண்டு உரியும். உள்ளே வெள்ளிபோல இரும்பு தெரியும். "அப்படி" என்பார் மேஸ்திரி, அந்த ஒரு சொல்தான் அவர் தனக்கே கொடுத்துக்கொண்ட பாராட்டு. அதைப் பார்க்கவே நாங்கள் காத்திருந்தோம். இப்போது மூட்டு போட்டு முடித்ததும் பின்னால் சில விநாடி ஆர்கான் ஸ்ஸ் என்று ஓடி நிற்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்தக் குளம், பட்டறையில் பச்சை இருட்டுக்குள் பாதி மறைந்து தெரிந்ததே, அது இப்போது தெள்ளத் தெளிவாக என் முன்னால் தளும்புகிறது, என் காலசைவுக்குப் பெருத்துச் சிறுக்கிறது. அதற்கு ஈடாக நான் எதையும் திருப்பிக் கேட்க மாட்டேன்.

மிஷின் எத்தனை மலிந்தாலும் கையை யாரும் கூரியரில் அனுப்புவதில்லை. கைலாசபுரத்திலும் திருவெறும்பூரிலும் காட்டூரிலும் ஓய்வுபெற்ற ஹெச்.பி. வெல்டர்கள் இன்னும் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் பலர் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய்விட்டார்கள். டார்ச்சை எந்தச் சாய்வில் பிடிப்பது, ஃபில்லர் கம்பியைக் குளத்தின் எந்த விளிம்பில் தொடுவது, மூச்சை எப்போது விடுவது என்று அவர்களிடம் இப்போது கேட்பாரில்லை. மிஷின் வாங்கப் பணம் சேர்த்துவைத்திருப்பவர்கள், கடைக்குப் போவதற்கு முன்னால் அவர்களில் ஒருவரைப் போய்ப் பாருங்கள். "ஐயா, கத்துக்கொடுங்க" என்று கேளுங்கள்.