வானத்துக்கு விதி உண்டு, ராணுவத்துக்குக் கிடையாது

2012 ஆகஸ்டில் அமெரிக்காவின் நியூவர்க் விமான நிலையப் பக்கம் ஒருவர் பிக்கப் வண்டி ஓட்டிக்கொண்டு போனார். வண்டிக்குள் ஒரு ஜாமர். தான் எங்கெல்லாம் போகிறோம் என்பதை முதலாளி ஜிபிஎஸ்ஸில் பார்க்கக் கூடாது என்பதற்காக வைத்துக்கொண்டது. அது முதலாளியின் கண்ணோடு நிற்கவில்லை. விமானங்களைத் தரையிறக்குவதற்காக அங்கே சோதனையில் இருந்த ஜிபிஎஸ் துணை அமைப்பையும் குழப்பிவிட்டது. தொலைத்தொடர்பு ஆணையத்தின் ஆள் மோப்பம் பிடித்து வண்டியைக் கண்டுபிடித்தார், ஜாமரை வாங்கிக்கொண்டார். மறு ஆண்டு 31,875 டாலர் அபராதம் கட்டச் சொல்லி நோட்டீஸ் போனது. சட்டம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். அந்த மனிதர் செய்த பிழை ஒன்றே ஒன்று: சீருடை போடாமல் செய்துவிட்டார்.

சீருடை போட்டுச் செய்தால் என்ன ஆகும் என்பதை ஜெனீவாவில் கேட்க வேண்டும். உலகத்தின் அலைக்கற்றைக்கெல்லாம் பட்டா எழுதும் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் அங்கேதான் இருக்கிறது. 1865இல் தந்திக் கம்பிக்காகப் பிறந்த சங்கம். இன்று செயற்கைக்கோள்களின் பங்காளிச் சண்டையைத் தீர்த்து வைக்கிறது.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அங்கிருந்து கிளம்பும் சமிக்ஞை உங்கள் கைப்பேசிக்கு வந்து சேரும்போது ஒரு வாட்டைப் பல கோடி கோடிப் பங்காக்கியதில் ஒரு பங்குதான் மிஞ்சும். சுற்றிலும் உள்ள இரைச்சலுக்குக் கீழே அமுங்கிக் கிடக்கும். தரையிலிருந்து யாராவது கனைத்தாலே காணாமல் போகும். அதனால் ஒன்றியம் பதறிப் பதறிக் காவல் காக்கிறது. அலைக்கற்றை விதிகளை எழுத ஒன்றியம் கூட்டிய 2003 மாநாட்டின் 609ஆம் தீர்மானத்தைப் பாருங்கள். 1164 முதல் 1215 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையில், எல்லா நாடுகளின் வழிகாட்டிச் செயற்கைக்கோள்களும் சேர்ந்து பூமியில் ஒரு சதுர மீட்டரில், ஒரு மெகாஹெர்ட்ஸில், கொட்டலாகாத அளவு இவ்வளவு என்று வரையறுத்திருக்கிறார்கள். அந்த அளவு ஒரு வாட்டில் லட்சம் கோடியில் ஒரு பங்கைவிடக் குறைவு. அதே பட்டையில் இயங்கும் விமானத் தரைக்கருவிகளுக்கு இடைஞ்சல் வந்துவிடக் கூடாதாம். நாடுகளின் நிபுணர்கள் அவ்வப்போது கூடி, டெசிபலைப் பின்னமாகப் பிரித்துக் கூட்டிக் கழித்துச் சரிபார்க்கிறார்கள். கேலியாகச் சொல்லவில்லை. அருமையான வேலை. இந்தக் கறார் யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பதுதான் கேள்வி.

இடம் பிடிக்கும் கதையும் உண்டு. முதலில் வந்தவனுக்கே அலைவரிசை என்பது அங்கே பழைய வழக்கம். ஆனால் விண்ணப்பித்தால் மட்டும் போதாது, குறித்த கெடுவுக்குள் ஒலிபரப்பியும் காட்ட வேண்டும். தன் வழிகாட்டிச் செயற்கைக்கோள் அமைப்பான கலிலியோவுக்குக் கெடு நெருங்கியபோது ஐரோப்பா 2005 டிசம்பரில் ஜியோவ்-ஏ என்ற சோதனைச் செயற்கைக்கோளை அவசரமாக ஏற்றியது. பேருந்து ஜன்னல் வழியாகச் சீட்டில் துண்டு போடுவது போலத்தான். 2007இல் சீனா தன் துண்டையும் அதே சீட்டில் போட்டது. ஐரோப்பிய அரசுகள் தங்களுக்கென்று ஒதுக்கிவைத்த அலைவரிசை அது. நான்காண்டுகளுக்கு முன் இதே கலிலியோவில் பங்காளியாகச் சேர்த்துக்கொண்டு, பிறகு ஓரங்கட்டிய சீனா அல்லவா!

அதற்கும் முந்தைய சண்டைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கலிலியோவின் பாதுகாக்கப்பட்ட சமிக்ஞை, அமெரிக்க ராணுவத்தின் புதிய எம்-கோட் சமிக்ஞையின் மேலேயே வந்து உட்காரப் பார்த்தது. 2001 டிசம்பரில் பென்டகனிலிருந்து துணைப் பாதுகாப்பு அமைச்சர் பால் வுல்ஃபோவிட்ஸ் ஐரோப்பியப் பாதுகாப்பு அமைச்சர்களுக்குக் கடிதம் எழுதினார். இதில் பென்டகனுக்கு என்ன வலி? நாளை ஒரு போரில் கலிலியோவை ஜாம் செய்ய வேண்டியிருந்தால் சொந்தச் சமிக்ஞையும் சேர்ந்து செத்துவிடுமே! 2004 ஜூனில் ஒப்பந்தம் ஆயிற்று, சமிக்ஞைகளைத் தள்ளி வைத்தார்கள். 'பக்கத்தில் உட்கார், மேலே உட்காராதே. உன்னை நான் அறையும்போது எனக்கு வலிக்கக் கூடாது' என்று இரு நண்பர்கள் கையெழுத்துப் போட்டுக்கொண்டார்கள். இதற்கு ராஜதந்திர உலகத்தில் ஒத்துழைப்பு என்று பெயர்.

இப்போது சீருடைக்கு வருவோம். ஒன்றியத்தின் சாசனத்தில் 48ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ராணுவ வானொலி நிலையங்களைப் பொறுத்தவரை உறுப்பு நாடுகளுக்கு முழுச் சுதந்திரம் என்கிறது அது. கூடவே, அந்த நிலையங்களும் பிறருக்கு இடையூறு வராமல் 'இயன்ற அளவு' பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஓர் ஒட்டுப்போட்ட வரி. ஓடுபாதையை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும் விமானத்தின் உயிர் இந்த 'இயன்ற அளவு' என்ற நூலில் தொங்குகிறது.

சரி, பழைய சாசனம், புதிதாகவாவது திருத்துவார்கள் என்று நினைத்தால், 2023இல் துபாய் மாநாட்டில் 676ஆம் தீர்மானம் போட்டார்கள். வழிகாட்டிச் செயற்கைக்கோள் சேவைக்கு வரும் இடையூற்றைத் தடுப்பது பற்றிய தீர்மானம். அனுமதியில்லாத ஜாமர்கள் பெருகாமல் நாடுகள் நடவடிக்கை எடுக்க வேண்டுமாம். அதே மூச்சில், பாதுகாப்புக் காரணங்களுக்காக அந்தச் சேவையை மறுக்க நாடுகளுக்குள்ள உரிமைக்கு இதனால் பங்கம் இல்லை என்றும் எழுதினார்கள். பூட்டும் சாவியும் ஒரே தாளில். தடுக்க வேண்டியது பிக்கப் வண்டியை. விட்டுவிட வேண்டியது படைப்பிரிவை.

அந்த உரிமை எப்படிப் பயன்படுகிறது? 2024 ஏப்ரலில் ஃபின்ஏர் விமானங்கள் அடுத்தடுத்து இரண்டு, எஸ்டோனியாவின் தார்ட்டு நகரில் இறங்க முடியாமல் ஹெல்சிங்கிக்கே திரும்பின. ஒரு மாதம் அந்த வழித்தடத்தையே நிறுத்திவைத்தார்கள். எஸ்டோனியா ரஷ்யாவைக் கைகாட்டியது. அதே ஆண்டு டிசம்பர் 25இல் ரஷ்யாவின் குரோஸ்னிக்குப் போன அஸர்பைஜான் விமானத்தின் ஜிபிஎஸ் செத்தது. பிறகு ரஷ்ய வான்பாதுகாப்பு ஏவுகணை பாய்ந்தது. விமானம் காஸ்பியன் கடலைத் தாண்டி அக்தாவ் அருகே விழுந்தது. 67 பேரில் 38 பேர் இறந்தார்கள். கொன்றது ஏவுகணைதான், ஒப்புக்கொள்கிறேன். முதலில் கண்ணைக் கட்டியது யார்?

ரஷ்யாவை மட்டும் திட்டிவிட்டுக் கைகழுவ முடியாது. காஸா போர் தொடங்கிய பின் இஸ்ரேல் ஜிபிஎஸ்ஸைக் குழப்பியதில் டெல் அவிவில் நிற்பவரின் கைப்பேசி அவர் பெய்ரூட் விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டியது, லெபனான் ஐ.நா.வில் புகார் கொடுத்தது. வடகொரியா தெற்கின் கப்பல்களையும் விமானங்களையும் அலைக்கழிக்கிறது. நம் பக்கமும் பார்க்கலாம்: 2023 நவம்பரிலிருந்து 2025 பிப்ரவரிவரை பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்மு எல்லைப் பகுதியில் 465 ஜிபிஎஸ் குறுக்கீட்டுச் சம்பவங்கள் என்று மக்களவையிலேயே பதில் சொன்னார்கள்.

இத்தனைக்கும் ஜெனீவா சும்மா இருக்கவில்லை. 2025 மார்ச்சில் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பையும் கடல்சார் அமைப்பையும் சேர்த்துக்கொண்டு ஆழ்ந்த கவலை தெரிவித்தது. புகார்களை விசாரிக்க ஒன்றியத்துக்குள் ஒரு ரேடியோ விதிகள் வாரியம் உண்டு, 12 உறுப்பினர்கள். கேட்பார்கள், கண்டிப்பார்கள், நிறுத்தும்படி வேண்டுவார்கள். ஒரு ரூபாய் அபராதம் போட அதிகாரமில்லை. நெதர்லாந்தில் செயற்கைக்கோள் வழி வரும் குழந்தைகள் சேனலைப் போட்டால் ரஷ்ய ராணுவப் பாட்டு வந்ததே, அதையும் இந்த வாரியம்தான் விசாரித்தது. மாஸ்கோ, கலினின்கிராட், பாவ்லோவ்கா என்று இடையூறு கிளம்பிய இடத்தைக்கூடச் சுட்டியது. அதற்கு மேல் அதனிடம் வேறு ஆயுதம் இல்லை.

தார்ட்டு விமான நிலையம் யாருடைய கவலைக்கும் காத்திருக்கவில்லை. ஜிபிஎஸ்ஸே வேண்டாமென்று தரையில் நிற்கும் பழைய ரேடியோ கருவிகளை நம்பி இறங்க ஏற்பாடு செய்துகொண்டது; 2024 ஜூனிலேயே ஃபின்ஏர் திரும்பி வந்தது. விண்ணில் பல்லாயிரம் கோடி கொட்டிய நூற்றாண்டில் இப்படி ஒரு முன்னேற்றம்.

அடுத்த மாநாடு 2027இல் ஷாங்காயில். டெசிபல் கணக்கெல்லாம் வழக்கம்போல் நுணுக்கமாக நடக்கும். 676ஆம் தீர்மானத்தின் அந்த ஒற்றை வரியை அடித்துவிடலாம் என்று எந்தப் பிரதிநிதியாவது கை தூக்குவாரா? தூக்கிவிட்டு ஊருக்குப் போனால் அவருடைய ராணுவ அமைச்சகம் கேட்கும் கேள்விக்கு யார் பதில் சொல்வது?