போர்வை மாமி

மே மாதத்து மத்தியானம் இரண்டு மணிக்கு உத்தர வீதியில் தையல் மெஷின் சத்தம் கேட்டால், யார் தலையிலோ போர்வை விழப்போகிறது என்று அர்த்தம். வெளியே 40 டிகிரி கொளுத்தும்.

ஸ்ரீரங்கத்தில் வீதிக்கு ஒரு போர்வை மாமியாவது இருப்பார். பெண்ணின் பிரசவத்துக்காக அமெரிக்கா போய், பத்திய ரசம் வைத்த நேரம் போக மீதி நேரத்தில் இந்த வித்தையைக் கற்றுவந்தவர். மேலே ஒட்டுத்துணி, அடியில் ஃப்ளீஸ், இரண்டையும் சேர்த்து மெஷினில் தையல். கதகதப்புக்கு ஃப்ளீஸே போதும், நடுவில் பஞ்சு வேண்டாம். வெட்டின ஓரத்தில் நூலும் பிரியாது. ஆனால் இழுத்தால் நீளும். அங்கேதான் மாமா தேவைப்படுகிறார்.

மாமா பெல் கம்பெனியில் பாய்லர் செய்து ரிடையர் ஆனவர். இப்போது மெஷினுக்குப் பின்னால் நின்று போர்வையைத் தாங்குகிறார். தொங்கவிட்டால் அதன் கனமே ஃப்ளீஸை ஒருபக்கம் இழுத்து, மேல்துணியில் சுருக்கம் விழுந்துவிடும். "ஏன்னா, இழுக்காதீங்கோ. ஏந்திண்டா போதும்." மாமா, பெருமாளைத் தோளில் சுமக்கும் ஸ்ரீபாதந்தாங்கி மாதிரி ஏந்திக்கொள்கிறார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சேஃப்டி பின். தையல் நெருங்க நெருங்கக் கழற்றி, பனியனில் வரிசையாகக் குத்திக்கொள்கிறார். ஒருநாள் அந்தக் கவசத்தோடேயே கீரை வாங்கப் போய்விட்டார்.

மேல்துணி பழைய உறையூர்ப் பருத்திப் புடவைதான். "பெரிப்ளூஸ்ல கிரேக்கக்காரனே எழுதி வெச்சிருக்கான்" என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெருமையைச் சதுரம் சதுரமாகக் கத்தரிப்பார். புதுப் பருத்தி முதல் சலவையில் சுருங்கும், ஃப்ளீஸ் சுருங்காது, இரண்டுக்கும் ஒத்துப்போகாது. "இது இருபது வருஷம் தோய்ச்ச புடவை. இனிமே சுருங்கறதுக்கு என்ன இருக்கு?" வீதியில் உள்ள பழம்புடவையெல்லாம் மாமி வீட்டுக்கே போய்விடுவதால், எவர்சில்வர் பாத்திரக்காரர் இந்தப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார்.

பேரனோ அங்கே ஹீட்டர் போட்ட வீட்டில் அரை டிராயரோடு தூங்குகிறான். பெண்ணும் பெட்டிக்கு 23 கிலோதான் என்று சொல்லி, அப்பளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு விமானம் ஏறிவிடுகிறாள். அங்கே போக வேண்டிய போர்வை எங்களுக்குத்தான் வருகிறது.

போன வாரம் எனக்கு வந்தது. "இஸ்திரிக்காரன்கிட்ட குடுத்துடாதே, பாலியெஸ்டர், உருகிடும்" என்றார். உருகுவதில் எனக்கும் அதற்கும் வித்தியாசமில்லை என்று சொல்ல நினைத்து, "இந்த வெயில்ல எப்படி மாமி..." என்று மட்டும் இழுத்தேன்.

"கைசிக ஏகாதசிக்கு நம்பெருமாள் 365 வஸ்திரம் சாத்திக்கறார். உனக்கு ஒண்ணு கனக்கறதா?"

"அது கார்த்திகை, மாமி."

"கார்த்திகை வராமலா போயிடும்?"

பின்னாலேயே பனியன் நிறையப் பின்னோடு மாமா வந்தார். மாமி உள்ளே போகும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "உங்காத்துல ஏசி இருக்கோன்னோ? மத்தியானத்துல ஒரு அரைமணி வந்து படுத்துக்கட்டுமா?"