மளிகைக் கடனும் கூட்டாஞ்சோறும்

கேள்வி: சம்பளம் வந்து பத்தே நாளில் மளிகைக் கடையில் கடன் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கேதான் சிக்கனம் பிடிப்பது?
– ஒரு வாசகி, வண்ணார்பேட்டை

பதில்: முதலில் பீரோவில் உறங்கும் ரேஷன் கார்டை எழுப்புங்கள், அக்கா. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். இந்த விலைக்கு எந்த ஆடித் தள்ளுபடியும் இறங்கி வராது. அரிசி கார்டுக்கு அரிசி இலவசம். சோறு பிடிக்காத வீட்டிலும் இட்லி, தோசை மாவுக்குத் தாராளமாக ஆகும்.

காய்கறிக்கு மகாராஜநகர் உழவர் சந்தை. காலையிலேயே போய்விடுங்கள். 1999-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் விவசாயிக்குக் கடை வாடகை இல்லை, தராசும் இலவசம், நடுவில் தரகரும் இல்லை. அதனால்தான் விலை குறைகிறது. அன்றைய விலையைப் பலகையிலேயே எழுதி வைக்கிறார்கள். பேரம் பேசக் கூச்சப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

வாரக் கடைசியில் அரைக் கத்திரிக்காய், ஒற்றை முருங்கைக்காய், வாடப்போகும் அவரை மிஞ்சுமே? அதற்காகவே நம் திருநெல்வேலிக்காரர்கள் கூட்டாஞ்சோறு கண்டுபிடித்தார்களோ என்று எனக்குத் தோன்றும். அரிசி, பருப்பு, ஒரு பிடி முருங்கைக்கீரை, அரைத்த தேங்காய். ஒரே பானை, ஒரே அடுப்பு, கேஸும் மிச்சம்.

எதைக் குறைத்தாலும் பிள்ளைகளின் பாலிலும் முட்டையிலும் மட்டும் கை வைத்துவிடாதீர்கள்.