பார் லைட் மைனர்

அந்தக் காலத்து மைனர் வில்வண்டி வைத்திருந்தார். மாட்டின் கழுத்தில் சலங்கை, கொம்பில் பித்தளைக் குப்பி, வண்டிக்கு அடியில் ஆடிக்கொண்டே வரும் அரிக்கேன் விளக்கு. வண்டி வருவது வெகு தூரத்துக்கு முன்னாலேயே ஊருக்குத் தெரிந்துவிடும். தெரிய வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. இன்றைய மதுரை மைனரிடம் மஹிந்திரா தார் இருக்கிறது. 2020 அக்டோபரில் அது புது உருவத்தில் விற்பனைக்கு வந்த பிறகு கே.கே. நகர், எல்லீஸ் நகர், விளாங்குடி என்று எந்தப் பக்கம் போனாலும் ஒருவர் தென்படுகிறார். சலங்கை ஏர் ஹாரன் ஆகிவிட்டது, அரிக்கேன் எல்.இ.டி. பார் லைட் ஆகிவிட்டது. ஏற்பாடு மட்டும் மாறவில்லை.

வண்டியின் நாலு சக்கரமும் இழுக்கும், பாறையில் ஏறும், ஆற்றில் இறங்கும் என்று சொல்லித்தான் விற்றார்கள். அதற்கென்றே தனியாக ஒரு கியர் குச்சி இருக்கிறது. அந்தக் குச்சியை நம்மவர் தொட்டுப் பார்த்தது ஷோரூமில். அவர் வண்டி ஏறியிருக்கிற உயரமான இடம் நத்தம் ரோட்டுப் பறக்கும் பாலம்: 7.3 கிலோமீட்டர், 2023 ஏப்ரலில் திறந்தது, வழவழவென்று இருக்கும். கரடுமுரடு வேண்டுமென்றால் குழாய் பதிக்கத் தோண்டிப்போட்ட ஏதாவது தெரு. அங்கேயும் இரண்டு மூட்டை அரிசியோடு டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் வருகிறவர், "அண்ணே, கொஞ்சம் ஒதுங்குங்க, நான் போயிர்றேன்" என்று இவரைத் தாண்டிப் போய்விடுவார்.

அப்படியானால் வண்டி எங்கேதான் போகிறது? ஒயரிங் கடைக்குப் போகிறது.

ஒயரிங் கடை என்பது ஒரு வேப்பமரம், ஒரு ஸ்டூல், பழைய பேட்டரிகள் அடுக்கிய ஒரு ஷட்டர். கடைக்காரரின் முகத்தை அதிகம் பேர் பார்த்ததில்லை. தலை டேஷ்போர்டுக்கு அடியில், கால் கதவுக்கு வெளியே. வாடிக்கையாளர்கள் காலோடுதான் பேசுவார்கள், காலும் பதில் சொல்லும். பெருவிரல் ஆடினால் வேலை நடக்கிறது. ஆடாமல் விறைத்து நின்றால் எங்கேயோ புகை வருகிறது.

"யாருண்ணே இந்த வேலையப் பார்த்தது? கண்டமேனிக்கு டேப்ப சுத்தி வச்சிருக்காய்ங்க!" என்று உள்ளேயிருந்து குரல் வரும். எந்த ஒயரிங்காரரும் முதலில் கேட்கிற கேள்வி இது.

"போன வருசம் நீதான தம்பி பார்த்த."

சிறிது நேரம் சத்தமில்லை. "அதான இவ்வளவு நாள் தாங்கியிருக்கு."

மைனருக்கு இந்த நோய் ஒரு ஜோடி ஃபாக் லாம்பில் தொடங்குகிறது. மதுரையில் மூடுபனியா என்று யாரும் கேட்பதில்லை. மார்கழி மாதம் ஆனைமலைப் பக்கம் விடியற்காலையில் லேசாக ஏதோ தெரியும், அது போதும். அடுத்து பார் லைட். அதற்குத் துணையாகக் கூரை மேல் இன்னொரு பார் லைட். பிறகு ஹாரன், ஆம்ப்ளிஃபயர், கேமரா, காற்றடிக்கும் கம்ப்ரசர், பின்சீட்டில் ஃபிரிட்ஜ். ஃபிரிட்ஜில் ஜிகர்தண்டா இருக்கும், வீட்டிலிருந்து ஐந்து நிமிட தூரத்துக் கடையில் வாங்கியது. எல்லாவற்றுக்கும் தனித்தனி சுவிட்ச். இரவில் ஒவ்வொன்றுக்குள்ளும் நீலமோ சிவப்போ ஒரு பொட்டு வெளிச்சம் எரியும். அவர் மனைவி முன்சீட்டில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டே கேட்பார்: "இதுல ஏசி சுவிட்ச் எதுங்க?"

மைனருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. அவருக்கு எல்லாம் தெரியும், அதுதான் சிக்கலே. ரேஷன் கார்டு எண்ணைக் கேட்டால் விழிப்பார். ரிலேயின் கால்களைக் கேளுங்கள்: 30, 85, 86, 87 என்று தூக்கத்திலும் சொல்வார். பேட்டரியிலிருந்து 30, விளக்குக்கு 87, நடுவில் இருக்கும் சுருளுக்கு மற்ற இரண்டும். டீக்கடையில் யார் மாட்டினாலும் விளக்கம் தொடங்கிவிடும். கல்யாண வீட்டில் பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து கண்ணைக் காட்டுவார், அண்டாவைத் தூக்குகிறவர்கள் வேறு. சுவிட்ச் பெரியப்பா, ரிலே அண்டா தூக்கி. 180 வாட் பார் லைட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் 15 ஆம்பியர். அத்தனையையும் டேஷ்போர்டின் சின்ன சுவிட்ச் வழியாக இழுத்தால் பிளாஸ்டிக் உருகும், வாசனை வரும், பிறகு தீயணைப்பு வண்டி வரும். ரிலே போட்டால் சுவிட்ச் வழியாகப் போவது ஒரு ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். இதில் ஒரு வார்த்தை தப்பில்லை. டீ ஆறிப்போனவர் மட்டும் பாவம்.

தத்துவம் இவ்வளவு சுத்தமாக இருந்தும் வண்டி ஏன் அடிக்கடி மக்கர் பண்ணுகிறது? ஃபியூஸ் விஷயத்தில் மைனர் கொஞ்சம் தாராளம். 15 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு தடவை போனால் மூன்றாம் தடவை 30 போட்டுவிடுவார். "ஃபியூஸு போகுதுன்னா அது வேலை செய்யிதுன்னு அர்த்தம்ணே" என்று கால்கள் கெஞ்சும். காதில் ஏறாது. இனி ஃபியூஸ் போகாது, ஒயர்தான் போகும். அடுத்தது எர்த். பெயின்டுக்கு மேலேயே திருகைப் போட்டு எர்த் கொடுத்தால் விளக்கு மினுக் மினுக் என்று எரியும். சுரண்டிவிட்டுப் போட வேண்டும் என்பது நம்மவருக்குத் தெரியும், ஆனால் புது பெயின்டைச் சுரண்ட மனசு வராது. போதாக்குறைக்குப் புது வண்டிகளுக்குள் ஒரு கம்ப்யூட்டர் வேறு உட்கார்ந்திருக்கிறது. கம்பெனி ஒயரில் டெஸ்ட் லேம்பைக் குத்தினால், அது மீட்டரில் இருக்கிற எச்சரிக்கை விளக்கையெல்லாம் ஏற்றிக் கார்த்திகை கொண்டாடிவிடும்.

கேமரா இன்னொரு ரகம். வண்டி நிற்கும்போதும் அது விழித்திருக்கும். இப்படி விழித்திருக்கும் சாமான்கள் எல்லாம் சேர்ந்து அரை ஆம்பியர்தான் குடிக்கின்றன என்று வையுங்கள், ஒரு நாளைக்கு 12 ஆம்பியர் மணி ஆயிற்று. 60 ஆம்பியர் மணி பேட்டரி ஐந்தாம் நாள் காலி, அதற்கு முன்னாலேயே செல்ஃப் எடுக்காது. இப்படி வண்டி நின்றுபோன காலையில் மைனர் முதலில் சந்தேகப்படுவது எலியை. பானட்டுக்குள் புகையிலைக் கட்டு தொங்குவது அதனால்தான். எலி ஒயரைக் கடிப்பது உண்மைதான், ஆனால் மதுரை எலிகள் செய்யாத குற்றத்துக்கும் பழி சுமக்கின்றன.

வெளிச்சத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். ராத்திரி மேலூர் ரோட்டில் எதிரே வருகிறவர் கண்ணில் 180 வாட்டை அடிப்பது வேடிக்கை அல்ல. சைக்கிளில் வருகிற கிழவர் பள்ளத்தைப் பார்ப்பாரா, பரலோகத்தைப் பார்ப்பாரா? இதில் எனக்கு மைனர் மேல் இரக்கமே கிடையாது. சட்டத்துக்கும் இல்லை. பல சுரம் பாடுகிற ஹாரனுக்கு 1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இடமில்லை. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாமல் வண்டியில் மாற்றம் செய்கிற உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. ஒவ்வொரு மாற்றத்துக்கும்! நம்மவர் வண்டியைக் கூட்டிப் பார்த்தால் வீட்டுக்கடன் மாதிரி ஒரு தொகை வரும். அதனால் கோரிப்பாளையம் சிக்னலுக்கு முன்னால் வண்டியை ஓரங்கட்டி, விளக்குகளுக்குக் கறுப்பு மூடியை மாட்டுவார். காலில் விழுந்து கும்பிட வந்தவர் செருப்பைக் கழற்றுவதுபோல் அத்தனை பணிவு.

இத்தனைக்கும் ஜீப் என்பது எளிமைக்குப் பேர்போன ஜாதி. இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் மின்சாரம் மொத்தமே 6 வோல்ட். அந்தக் குடும்பத்து வண்டிகளைத்தான் மஹிந்திரா 1940களின் பிற்பகுதியில் இந்தியாவில் பூட்ட ஆரம்பித்தது. இன்றைக்கும் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு விடியலுக்கு முன்னால் ஆள் ஏற்றுகிற ஜீப்புகளைப் பாருங்கள். பாதை என்று சொல்லவே கூசும் கல் தடம், இரண்டு மஞ்சள் பல்பு, அதில் ஒன்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். சூரியன் உதிப்பதற்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். நம்மவரும் போயிருக்கிறார், தன் வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு, இருக்கைக்குக் காசு கொடுத்து. கேட்டால், "அந்தக் குலுக்கல்ல கப்ளரெல்லாம் கழண்டுரும்ப்பா" என்பார்.

ஆனாலும் கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ரோஷம் வந்துவிடும். நாகமலைப் புதுக்கோட்டையைத் தாண்டி ஒரு கண்மாய். மழை பெய்து ஓய்ந்து, மேலே மண் காய்ந்து வெடித்திருக்கும். அடியில் வண்டல் அல்வாப் பதத்தில் இருப்பது ஆடு மேய்க்கிறவருக்குத் தெரியும். "இங்கிட்டு எறக்காதீக" என்று அவர் சொல்வதற்குள் வண்டி உள்ளே போய், அச்சு வரைக்கும் உட்கார்ந்துவிடும்.

மைனர் பதறுவதில்லை. இந்த நாளுக்காகத்தானே முன் பம்பரில் வின்ச் மாட்டியிருக்கிறார்! 9,500 பவுண்டு, அதாவது 4.3 டன் இழுக்கும். முதலில் இன்ஜினை அணைத்துவிட்டு, எல்லா விளக்கையும் போட்டு, பாட்டையும் வைத்து, மச்சினனை விட்டு வீடியோ எடுக்க வைப்பார். பட்டப்பகல் பன்னிரண்டு மணி. பிறகு கம்பியை இழுத்துக்கொண்டு போனால் 26 மீட்டரில் தீர்ந்துவிடும். கரையில் நிற்கிற பனைமரம் அதற்கும் அப்பால். நடுவில் இருப்பதெல்லாம் கருவேலம். அதில் மாட்டி சுவிட்சைப் போட்டால், வண்டி அசையாது, கிளை முறிந்து முள்ளோடு திரும்பி வரும். முழு பாரத்தில் வின்ச் 400 ஆம்பியர் வரை கேட்கும். பாட்டுக்கும் ஃபிரிட்ஜுக்கும் ஏற்கெனவே படியளந்துவிட்ட பேட்டரி எங்கே போகும்? சாவியைத் திருப்பினால் கடக், கடக், கடக்.

சாயங்காலம் டிராக்டர் வந்தது. முன்னால் ஒரு விளக்குதான், அதுவும் எரியவில்லை. ஓட்டி வந்தவர் இறங்கிப் பார்த்து, சங்கிலியைப் போட்டுவிட்டுத் திரும்பினார். அதற்குள் டிராக்டர் இன்ஜின் நின்றுபோயிருந்தது. சாவியெல்லாம் கிடையாது. இடுப்பில் இருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து செல்ஃப் மோட்டாரின் இரண்டு முனைக்கும் நடுவில் வைத்தார். பொறி பறந்தது, இன்ஜின் பிடித்தது. ஒரே இழுப்பு. தார் கரையேறியது.

காசு கொடுத்தபோது அவர் வாங்கவில்லை. கூரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இம்புட்டு வெளக்கு வச்சிருக்கீகளே, அதுல ஒண்ணக் கழட்டித் தர்றீகளா? ராத்திரி உழவு ஓட்டக் கண்ணு தெரியமாட்டேங்குது."

முட்டி வரைக்கும் சேறோடு நின்ற மைனர் மறுபேச்சுப் பேசாமல் ஸ்பானரை எடுத்து ஓரத்து விளக்கைக் கழற்றிக் கொடுத்தார். டிராக்டர்காரர் அதை பானட்டில் வைத்துக் கட்டுக்கம்பியால் சுற்றி, இரண்டு ஒயரையும் பல்லால் கடித்துச் சீவி, நேராக பேட்டரி முனையில் செருகினார். கண்மாயே பளீரென்றது.

மைனருக்குப் பொறுக்கவில்லை. சேற்றுக் கையாலேயே டிராக்டரின் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு ஏறினார். "அண்ணே, அப்படியெல்லாம் நேரா குடுக்கக்கூடாதுண்ணே. ஒரு நிமிசம் இருங்க. ரிலேன்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு நாலு காலு…"