தடங்கல் மாமா

கல்யாண மண்டபத்தில் இரண்டாவது பந்திக்குக் காத்திருக்கும்போது பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து, யாரும் கேட்காமலே, "அப்பல்லாம் டிவில ஒரு காமெடி சீரியல் வந்துச்சு தெரியுமா?" என்று ஆரம்பிப்பவரை உங்களுக்கும் தெரிந்திருக்கும். குடும்பத்துக்கு ஒருவர் உண்டு. எங்கள் குடும்பத்தில் அவர் பெயர் தடங்கல் மாமா. பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது.

ராமாயணம், மகாபாரதம் என்று நீங்கள் எடுத்துக் கொடுத்தால் முகம் சுளிப்பார். ஊரே பார்த்ததைத் தானும் பார்த்தேன் என்பதில் என்ன பெருமை? தூர்தர்ஷன் அந்த நாளில் ஒரு தொடருக்கு 13 வாரம் என்று அளந்துதான் கொடுக்கும். மேலே நீட்டிப்புக் கிடைத்தால் அது யோகம். மாமாவின் சொத்தெல்லாம் நீட்டிப்புக் கிடைக்காதவை. நீட்டிப்பு வாங்கிய தொடர் என்றால், சிபாரிசில் புரமோஷன் வாங்கியவனைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை பார்ப்பார்.

எங்கள் தெருவில் அப்போது ஒரே ஒரு சாலிடேர் டிவி. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் முடிந்து இந்தி ஆரம்பித்ததும் மொத்தக் கூட்டமும் எழுந்து வாசலில் செருப்புத் தேடும். மாமா மட்டும் அசைய மாட்டார். அவருக்கு இந்தி வராது. டிவி வீட்டுக்காரர்கள் இலை போடுவார்கள் என்ற நம்பிக்கைதான் காரணம் என்பது அத்தையின் துப்பு. எப்படியோ, 'யே ஜோ ஹை ஜிந்தகி'யில் சதீஷ் ஷா வாரத்துக்கு ஒரு வேஷத்தில் வந்து அடிக்கும் லூட்டியைப் பாஷை புரியாமல் பார்த்து விழுந்து விழுந்து சிரித்த ஒரே தமிழர் தான்தான் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். பக்கத்துத் தெருவில் இன்னொருவர் இருக்கிறாராம். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

'ஃப்ளாப் ஷோ' என்றால் மாமாவுக்கு உயிர். 1989-இல் ஜஸ்பால் பட்டி எடுத்தது. மொத்தமே பத்து வாரம். "பத்துதான்டா! 13 கூட இல்ல!" என்பார், பேரன் ஸ்டேட் ஃபர்ஸ்ட் வந்ததுபோல. அதில் ஒரு பேராசிரியர், பிஎச்டி மாணவனை வீட்டு வேலைக்கெல்லாம் விரட்டுவார். இதை மாமா நடித்தே காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். அப்போது ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருந்த என் அக்கா மட்டும் சிரிக்கவில்லை, காய்கறிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். கைடு வீட்டுக்குத்தான்.

தமிழ் என்று வந்தால் 'துப்பறியும் சாம்பு'. தேவனின் சாம்புவைக் காத்தாடி ராமமூர்த்தியைத் தவிர வேறு முகத்தில் மாமாவால் நினைக்க முடியாது. அடுத்தது எஸ்.வி. சேகரின் 'வண்ணக் கோலங்கள்'. இவற்றை அவர் கதையாகச் சொல்வதில்தான் ஒரு சங்கடம். சாம்பு திருடனை நெருங்கிவிடுவான், நாமும் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவோம். "அப்ப பாரு, கரண்ட் போயிடுச்சு." இன்னொரு கதையில் காக்கா ஆன்டெனாவில் உட்கார்ந்துவிடும். மாடியில் ஒருவர் அதைத் திருப்ப, கீழேயிருந்து "தெரியல, தெரியல... இப்ப தெரியுது... ஐயோ, போச்சு!" என்று மாமாவே இரண்டு குரலிலும் பேசுவார். மிச்சத்தையெல்லாம் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்ற அட்டை விழுங்கிவிடும். பெயர்க்காரணம் இப்போது புரிந்திருக்கும். ஆன்டெனா பகுதிதான் கதையை விட நன்றாக இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

போன தை மாதம் தங்கை மகள் கல்யாணம். மாப்பிள்ளை அமெரிக்கா. மாமா நேரே போய் சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அமெரிக்காவா? அப்ப பன்னெண்டு பொண்ணு பார்த்திருப்பாரே?" என்று கேட்டார். 'மிஸ்டர் யோகி' என்று ஒரு தொடர், அதுவும் 1989. கேதன் மேத்தா இயக்கியது, 13 வாரம். அமெரிக்காவிலிருந்து வரும் மாப்பிள்ளை ராசிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு பெண் பார்ப்பான். இந்த முன்கதைச் சுருக்கமெல்லாம் சம்பந்திக்கு எப்படித் தெரியும்? அவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை தரையைப் பார்த்தான். உண்மையில் ஏழு பார்த்திருந்தானாம். அது வெளியே வந்து, அடங்கி, தாலி ஏறுவதற்குள் முகூர்த்தத்தின் கடைசி ஐந்து நிமிஷம்தான் பாக்கி.

அந்தக் குற்ற உணர்ச்சியிலோ என்னவோ, மாமாவின் மகன் இணையத்தில் தேடி 'மிஸ்டர் யோகி'யைப் பிடித்துவிட்டான். டேப் விலை அதிகமாக இருந்த காலத்தில் ஒன்றை அழித்து அதன்மேல் இன்னொன்றைப் பதிவதைப் பிபிசி கூடச் செய்திருக்கிறது. இது தப்பியதே பெரிய விஷயம். 55 அங்குல டிவி, ஏசி, தட்டில் ரிப்பன் பக்கோடா. மாமா சோபாவில் உட்காரவில்லை. தரையில், சுவரோரம், காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

முதல் பத்து நிமிஷம் யாரும் சிரிக்கவில்லை, மாமாவும் சேர்த்து. "இப்ப பாரு, இவன் கீழ விழுவான்" என்றார். அவன் விழவில்லை. "கலர்ல எடுத்துக் கெடுத்துட்டாங்க" என்றார். அது அன்றும் கலர்தான், சாலிடேர்தான் கறுப்பு வெள்ளை என்று அத்தை ஞாபகப்படுத்தினாள். ஓம் புரி வந்து பேசும்போது மட்டும் லேசாகத் தொடையில் தட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கடைசி வாரத்துக்கு வந்தார்கள். அந்த நாளில் ஒளிபரப்பானபோது மின்சாரம் போய், மாமா பார்க்காமலே விட்டது அது. 35 வருஷமாகக் கல்யாணத்துக்குக் கல்யாணம் ஒவ்வொரு முடிவாகச் சொல்லி வருகிறார். ஒரு தடவை யோகி சாமியாராகவே போயிருக்கிறான். இன்றைக்கு அசல் தெரிந்துவிடும். அத்தை அடுப்பை அணைத்துவிட்டே வந்து உட்கார்ந்தாள்.

பாதியில் படம் நின்று, திரை நடுவில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. "நெட் ஸ்லோப்பா, ஒரு நிமிஷம்" என்றான் மகன்.

மாமா முகத்தில் அந்த வாரத்தின் முதல் சிரிப்பு. "தடங்கலுக்கு வருந்துகிறோம்!" என்றார் சத்தமாக.

வட்டம் நின்று படம் வந்தபோது அவர் வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தார்.